களைக்கொல்லியும் உரமும்: ஒரே தொட்டியில் கலக்கலாமா?

(போடிநாயக்கனூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் இரண்டு கேள்விகள் எழுந்தன. சமவெளி ஊராட்சி ஒன்றைச் சேர்ந்த அன்பர், "எங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் புல்லைவிடக் களை அதிகமாகிவிட்டது. களை மடியவும் புல் தழைக்கவும் மருந்தும் உரமும் சேர்ந்தே ஒரே பொட்டலத்தில் வருகிறதாமே, அதை வாங்கலாமா?" என்று கேட்டார். மலைச்சரிவில் ஏலம் பயிரிடும் மற்றொருவர், "களை மருந்தோடு உப்பையும் கரைத்து அடித்தால் ஒரு கூலியில் இரண்டு வேலை முடிகிறது. அதில் என்ன தவறு?" என்று கேட்டார். நேரம் கடந்துவிட்டபடியால் அன்று விடை கூற இயலவில்லை. இரண்டும் ஒரே கேள்விபோலத் தோன்றினும் விடைகள் வேறு. ஏன் வேறு என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் திடலை எடுத்துக்கொள்வோம். களைக்கொல்லியையும் உரத்தையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் வழக்கம் மேலை நாடுகளின் புல்தரைகளில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் 2,4-டி என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அகன்ற இலையுள்ள செடிகளை அது தாறுமாறாக வளரச் செய்து, முறுக்கி, மடியச் செய்யும். புல்லினத்தை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. வீட்டின் முன் பச்சைக் கம்பளம்போலப் புல் வளர்ப்பதைப் பெருமையாகக் கருதும் நாடுகளில் இதைக்காட்டிலும் வசதியான மருந்து வேறென்ன வேண்டும்? தழைச்சத்து உரத்தின் குருணைகளிலேயே இம்மருந்தையும், இதைப் போன்ற வேறு சில மருந்துகளையும் ஏற்றி விற்கத் தொடங்கினார்கள். ஒருமுறை தூவினால் களை மடிகிறது. அது விட்டுச் சென்ற இடத்தைப் புல் படர்ந்து மூடிக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு அங்கே ஏன் பலிக்கிறது என்பதை நன்கு கவனிக்க வேண்டும். நாம் காக்க விரும்புவது ஓர் இனம், அழிக்க விரும்புவது வேறோர் இனம். அவ்விரண்டையும் பிரித்தறியும் மருந்து கையில் இருக்கிறது. உரமும் மருந்தும் ஒரே பருவத்தில் தேவைப்படுகின்றன. தரை முழுவதும் ஒரே சீராக இரண்டையும் இட வேண்டியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து அமையும் இடத்தில் கலவை வேலை செய்யும். ஒன்று குறைந்தாலும் பணமும் போகும், பயிரும் கெடும்.

பள்ளித் திடலில் இந்த மூன்றும் அமைகின்றனவா? பெரும்பாலும் அமைவதில்லை. அங்கே புல் என்று நாம் சொல்வது அருகம்புல்தான். அது இருக்கும் இடத்தில் அடர்ந்து இருக்கும். இல்லாத இடத்தில் வெறும் மண். களைகளில் அகன்ற இலையுள்ள நெருஞ்சி, பார்த்தீனியம் போன்றவை 2,4-டிக்கு மடியும். கோரையோ மேலே வாடினாலும் மண்ணுக்குள் உள்ள கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும். வெறும் மண்ணில் விழும் உரம் அடுத்த மழைக்கு முளைக்கும் களை விதைக்கே உணவாகும். திடலின் ஓரத்தில் வேம்பும் புங்கமும் நிற்கின்றன. அவற்றின் வேர் திடலுக்கடியில் வெகுதூரம் ஓடியிருக்கும். இவ்வகைக் கலவைகளில் சேர்க்கப்படும் சில மருந்துகள் மண்ணீரோடு இறங்கி வேர் வழியாக மரத்தைத் தாக்கக்கூடியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாள் காலையில் அத்தரையில் வெறுங்காலோடு ஓடப்போகிறவர்கள் குழந்தைகள்.

ஆகவே திடலைப் பற்றி என் கருத்து இதுதான். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது பார்த்தீனியத்தையும் நெருஞ்சியையும் பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். பார்த்தீனியத்தைப் பிடுங்குவோர் கையுறை அணிய வேண்டும். அதன் மகரந்தமும் சாறும் தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். பிறகு வெற்றிடங்களில் அருகம்புல் துண்டுகளை நட்டு, நீர் விட்டு, வேர் பிடித்தபின் சிறிதளவு தழைச்சத்தும் மக்கிய எருவும் இடுங்கள். ஒரு பருவம் பொறுத்தால் புல்லே களையை நெருக்கி ஒழித்துவிடும்.

பெரிய பூங்காவோ, விடுதியின் புல்தரையோ வைத்திருப்பவர்கள் எப்படியும் மருந்து பயன்படுத்துவதென்று முடிவு செய்தால், புல்தரைக்கென்று எழுதப்பட்ட மருந்தையே வாங்க வேண்டும். குருணையானால் காலைப் பனியில் இலை ஈரமாயிருக்கும்போது தூவினால்தான் களையின்மேல் ஒட்டும். கரைசலானால் இலை காய்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் அடுத்த ஒரு நாளாவது மழை இருக்கக்கூடாது. தூவுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பும் பின்பும் புல்லை வெட்டக்கூடாது. களைக்கு இலை இருந்தால்தானே மருந்தை உட்கொள்ளும்? புதிதாக நட்ட புல்லில் எக்காரணத்தாலும் இடக்கூடாது. வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடவும் கூடாது, காய்கறிப் பாத்திக்கு மூடாக்காக இடவும் கூடாது.

கடையில் "களை சாகும், பயிர் வளரும்" என்று சொல்லி ஒரு பொட்டலத்தைக் காட்டினால் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். நம் நாட்டில் உரம் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்டது. களைக்கொல்லியோ 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு உட்பட்டது. மருந்து எதுவானாலும் பொட்டலத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். நச்சின் கடுமையைக் காட்டும் முக்கோணம் இருக்க வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்தக் களைக்கு, எவ்வளவு என்று கூறும் துண்டுத்தாள் உள்ளே இருக்க வேண்டும். முக்கோணத்தின் நிறம் சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருளல்ல. இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் அப்பொருளை வாங்காதீர்கள். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். பின்னால் பயிர் கருகினால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சீட்டுத்தான்.

இனி மலைக்குப் போவோம். நம் ஒன்றியத்திற்கு இதுவே பெரிய கேள்வி. கொட்டகுடி, குரங்கணி, அகமலைச் சரிவுகளில் உள்ளோர் மட்டுமல்லர். போடிமெட்டு ஏறி உடும்பன்சோலைப் பக்கம் தோட்டம் வைத்திருப்போரும், நாள்தோறும் ஜீப்பில் அங்கு வேலைக்குச் செல்வோரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள்.

ஏலத்தோட்டத்தில் நான் முன்பு சொன்ன மூன்றில் ஒன்றுகூட அமைவதில்லை. ஏலத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணிலேயே பரந்து நிற்கிறது. தூரின் அடியிலிருந்து இளந்தட்டைகள் கிளம்புகின்றன. சரங்களும் அங்கிருந்தே புறப்பட்டுத் தரையை ஒட்டிப் படர்கின்றன. களை எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் ஏலத்தின் குழந்தையும் இருக்கிறது, வருமானமும் இருக்கிறது. கிளைபோசேட் போன்ற மருந்துக்குப் பயிர் எது, களை எது என்று தெரியாது. பச்சையாக எது பட்டாலும் உள்ளே இறங்கி வேர்வரை செல்லும். இளந்தட்டையில் பட்டால் அந்த வேகம் அடுத்த ஆண்டுச் சரத்தைத்தான் போய்த் தாக்கும்.

"அப்படியானால் 2,4-டி அடிக்கலாமே? ஏலமும் புல்லைப் போல ஒருவித்திலைப் பயிர்தானே?" என்று படித்த இளைஞர் ஒருவர் என்னிடம் வாதாடினார். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் ஏலம் தனியாக நிற்கவில்லையே! நிழல் மரங்கள் இல்லாமல் ஏலம் இல்லை. அம்மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. இடையிடையே காப்பி நிற்கிறது. இவை யாவும் அகன்ற இலையுள்ளவை. சரிவுக்குக் கீழே, சமவெளியில், பருத்தியும் தக்காளியும் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள் இருக்கின்றன. பருத்தியும் திராட்சையும் தக்காளியும் 2,4-டியின் வாடையையே தாங்காதவை என்று சொல்லலாம். காற்றில் மிதந்து வந்த சிறிதளவு பட்டாலும், ஏன், இம்மருந்து அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் வேறு மருந்து அடித்தாலும், பருத்தி இலை தவளைக்கால்போலச் சுருங்கி விரல் விரலாகப் பிரிந்துவிடும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள் என்று வேளாண்மைத் துறையினர் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான்.

உப்பைக் கரைத்து அடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. கிளைபோசேட் கடின நீரில் கரைந்தால், அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு இலைக்குள் போகவிடாது. அம்மோனியம் சல்பேட்டை முதலில் நீரில் கரைத்துவிட்டால் அந்தத் தடை நீங்கும். பயிரில்லாத தரிசு நிலங்களில் கோரை போன்ற பிடிவாதமான களைகளுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் அம்மோனியம் சல்பேட் சேர்க்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது இதற்காகத்தான். அது மருந்துக்குச் செய்யும் உதவி. பயிருக்கு இடும் உரமன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாயிருக்கும் சமவெளியில் அதற்குப் பொருள் உண்டு. மலையோடை நீரோ மென்மையானது. அங்கே அந்த உதவிக்கும் அவ்வளவாகத் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 20 கிராம் வீதம் 4 கிலோ அம்மோனியம் சல்பேட் ஆகிறது. அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு; ஆக 800 கிராம் தழைச்சத்து. பாசன வசதியுள்ள ஏலத்திற்கு ஹெக்டேருக்கு 125 கிலோ தழைச்சத்தும், 125 கிலோ மணிச்சத்தும், 250 கிலோ சாம்பல்சத்தும் நறுமணப் பொருள் வாரியத்தின் பரிந்துரை. ஏக்கருக்குத் தழைச்சத்து மட்டும் 50 கிலோ. ஐம்பது கிலோ கேட்கும் பயிருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாக, அதுவும் தூருக்கு இடாமல் சாகப்போகும் களையின் இலையில் ஊற்றிவிட்டு, "உரமும் போட்டாயிற்று" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதிலாக யூரியாவை அள்ளிப் போட்டு இந்தக் குறையைச் சரிக்கட்டலாம் என்று எண்ணுவோரும் உண்டு. கரைசல் கடுத்தால் களையின் இலை உடனே கருகிப்போகும். கருகிய இலை மருந்தை வேருக்கு அனுப்பாது. பதினைந்து நாளில் களை அடியிலிருந்து துளிர்க்கும். அப்போது மருந்துக்கும் நஷ்டம், உரத்துக்கும் நஷ்டம், கூலிக்கும் நஷ்டம்.

உரம் இடும் முறை வேறு. 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் நட்ட தோட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 440 தூர் நிற்கும். 50 கிலோ தழைச்சத்தைப் பங்கிட்டால் தூருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 115 கிராம். யூரியாவாகக் கொடுத்தால் கால் கிலோ. மூன்று தவணையாகப் பிரித்தால் ஒரு தவணைக்கு 80 கிராம் அளவே வரும். மானாவாரித் தோட்டத்திற்குப் பரிந்துரை இதைவிடக் குறைவு: ஹெக்டேருக்கு முறையே 75, 75, 150 கிலோ, அதைத் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறையும், அம்மழை ஓயும் செப்டம்பரில் ஒருமுறையுமாக இரண்டு தவணையில் இடுவார்கள். சருகை ஒதுக்கி, தூரைச் சுற்றி வட்டமாக உரத்தைத் தூவி, மேலாக மண்ணோடு கலந்து, ஒதுக்கிய சருகை மீண்டும் மூடிவிட வேண்டும். ஆழமாகக் கொத்தக்கூடாது, வேர் மேலேயே இருக்கிறது என்று முன்பே சொன்னேன். மண் பரிசோதனை செய்துகொண்டு இந்த அளவுகளைக் கூட்டுவதோ குறைப்பதோ உத்தமம்.

இந்த வேலைக்கு முன்னால் களையை எடுக்க வேண்டும். இல்லையேல் உரம் களைக்குப் போகும். எவ்வாறு எடுப்பது? தூரைச் சுற்றியுள்ள வட்டத்தில் கையால் பிடுங்க வேண்டும். வரிசைகளுக்கு இடையே உள்ளதை அரிவாளால் தரையை ஒட்டி அறுத்தால் போதும். வேரைத் தோண்ட வேண்டியதில்லை. அறுத்ததை வெளியே எறியாமல் தூரைச் சுற்றி மூடாக்காகப் போட வேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை மழை குன்றிய மாதங்களில் மண்ணின் ஈரத்தைக் காப்பது இந்த மூடாக்கே. மக்கிய பிறகு அதுவே எருவாகிறது. களையையும் உரத்தையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதற்கு மலையில் இயற்கையாக அமைந்த வழி இது. இவ்வழிக்கு மருந்து வேண்டியதில்லை.

அறுப்பதற்கும் கொல்வதற்கும் மற்றொரு பெரும் வித்தியாசம் இருக்கிறது. அறுத்த களையின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மருந்தால் செத்த களையின் வேர் சில வாரங்களில் அழுகிவிடும். அதன்பின் அந்தச் சரிவில் மழைத்துளிக்கும் மண்ணுக்கும் இடையே ஒன்றுமில்லை. 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருமழையில் இடுக்கி மலைகளில் எத்தனை சரிவுகள் பெயர்ந்து இறங்கின என்பதை நம் கண்ணாலேயே கண்டோம். அதற்குக் களைக்கொல்லிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மழையின் அளவே அப்படி. ஆனால் அப்படிப்பட்ட மழை பெய்யும் மலையில் தரையை மொட்டையாக வைத்திருப்பது புத்திசாலித்தனமா என்று கேட்கிறேன்.

தேனீயை மறந்துவிடக்கூடாது. ஏலப்பூ காலையில் மலர்ந்து அன்று மாலைக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்தால் காய். வராவிட்டால் பூ உதிரும். பூ தரையை ஒட்டி இருப்பதால், களைக்கு அடிக்கும் எந்த மருந்தும் பூவை நனைக்கும். வரப்போரத்தில் பூக்கும் சிறு செடிகள் ஏலப்பூ இல்லாத மாதங்களில் தேனீக்கு உணவு. அவற்றையெல்லாம் களை என்று சொல்லிவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். கிளைபோசேட் நம் நாட்டில் தேயிலைக்கும் பயிரில்லா நிலத்திற்கும் பதிவு செய்யப்பட்ட மருந்து. ஏலத்திற்கன்று. 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண்மை அமைச்சகம் வெளியிட்ட ஆணையில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமாக அன்றி வேறு எவரும் அதைப் பயன்படுத்தலாகாது என்று கூறப்பட்டது. மலைக்கு அப்பால் 2019 ஜனவரியில் திருவல்லா அருகே நெல்வயலில் மருந்தடித்த தொழிலாளர் இருவர் இறந்தனர்; அதையடுத்துக் கேரள அரசு கிளைபோசேட்டின் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் தடை விதித்தது. இலங்கை அரசு 2015-இல் முழுத் தடை விதித்து, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இம்மருந்து மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் வகையில் சேர்த்தது. வேறு சில நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. அறிஞர்களின் அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், இங்கே வாங்கிய புட்டியைப் போடிமெட்டுக்கு மேலே கொண்டுபோய் அடிப்பது சரியன்று என்பதில் ஐயமில்லை. மலை ஒன்றுதான், ஆனால் இரண்டு மாநிலங்களின் சட்டம் அதன்மேல் நிற்கிறது.

சந்தை இதைவிடக் கண்டிப்பானது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் மருந்தின் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாகச் சோதனை அறிக்கை வந்தது. கேரள உயர்நீதிமன்றம் அப்பாயசத்தின் விற்பனையை நிறுத்தியது. 2024-இல் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது உண்மைதான். அது களைக்கொல்லி பற்றிய வழக்கும் அன்று. ஆயினும் அந்நாட்களில் ஏல விற்பனைக் கூடங்களில் இதைத் தவிர வேறு பேச்சு உண்டா? ஏலக்காயை வாங்குகிறவர்கள் இப்போது நிறத்தையும் பருமனையும் மட்டும் பார்ப்பதில்லை, எச்சத்தையும் பார்க்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. பத்துப் பேர் மூன்று நாள் செய்யும் வேலையை இருவர் ஒரு நாளில் மருந்தடித்து முடிக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததன்று. இதற்கு நான் காணும் வழி புல்வெட்டும் இயந்திரம். இரண்டு மூன்று சிறு விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டால் வரிசை இடைவெளிகளை அதனால் அறுத்துவிடலாம். தூர் வட்டத்துக்கு மட்டும் கை வேலை போதும். வேளாண்மைப் பொறியியல் துறை களையெடுக்கும் கருவிகளுக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. அவ்வப்போதைய நிலையை அந்த அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சரம் நீண்டு கிடக்கும் மாதங்களில் இயந்திரத்தைத் தூரின் அருகே கொண்டுபோக வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயை அறுத்துவிட்டு இயந்திரத்தைப் பழித்தவர்களை நான் அறிவேன்.

வேலியோரம், பாதை, தரிசு ஆகிய இடங்களில் மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டும்.

அடிப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் தோட்டத்துச் சொந்தக்காரர் அல்லர். கூலிக்கு வந்த ஒருவர். அவருக்குக் கையுறையும், முழங்கால்வரை காலணியும், முழுக்கைச் சட்டையும், முகமூடியும், கண்ணாடியும் கொடுக்க வேண்டியது தோட்டக்காரரின் கடமை. மருந்தைக் கலக்கும் நேரமே அடிக்கும் நேரத்தைவிட ஆபத்தானது. அப்போது கையில் படுவது கலக்காத நஞ்சு. அதைக் கையால் கலக்குவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. கருவுற்ற தாய்மார்களையும் சிறுவர்களையும் இவ்வேலையின் அருகிலும் விடக்கூடாது. தண்ணீர் சுமந்து கொடுக்கும் வேலைதானே என்று சொல்வதும் கூடாது.

அளவை மூடியால் ஊற்றிக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு சென்ட் நிலத்தை அளந்து, தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் அடித்துப் பாருங்கள். 2 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர் என்று பொருள். 10 லிட்டர் கொள்ளும் தெளிப்பானுக்கு அது 20 முறை. துண்டுத்தாளில் ஏக்கருக்கென்று சொன்ன மருந்தை 20-ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். நடை மாறினால் கணக்கும் மாறும்; ஆகவே அடிக்கப்போகிறவரையே நடக்கச் சொல்லுங்கள். காற்று அடங்கிய காலை வேளையே தகுந்தது. மலையில் பகல் ஏற ஏறக் காற்று சரிவில் மேல்நோக்கி வீசத் தொடங்கும். தெளிப்பு முனையைத் தாழ்த்திப் பிடித்து, அதன்மேல் கவிழ்த்த தொப்பிபோன்ற மூடியைப் பொருத்தினால் மருந்து பரவாது.

தோலில் பட்டால் உடையைக் கழற்றிச் சோப்பால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல நீரால் கழுவுங்கள். யாரேனும் உட்கொண்டுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைத்து நேரத்தை வீணாக்காமல், 108-ஐ அழைத்து, புட்டியை அல்லது அதன் தாளைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மருத்துவருக்கு மருந்தின் பெயர் தெரிவது மிக முக்கியம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன்: அதற்கு முறிவு மருந்து கிடையாது. உட்கொண்டவர் முதல் நாள் தெம்பாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பிறகு சில நாளில் சிறுநீரகமும் நுரையீரலும் கெடும். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று எண்ணி எவரையும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அந்தப் புட்டி வீட்டுப் பரணில் இருப்பதே பெரிய ஆபத்து.

கடைசியாகத் தண்ணீர். மேலே பெய்த மழை கொட்டகுடி ஆற்றில் இறங்குகிறது. போடி நகரத்தார் அந்த ஆற்று நீரைக் குடிக்கிறார்கள். ஆறு மேலும் ஓடி வைகையில் சேருகிறது. தெளிப்பானை ஓடையில் முக்கிக் கழுவுவதும், காலிப் புட்டியைப் பாறையிடுக்கில் எறிவதும் நம் பக்கம் சாதாரணமாக நடக்கின்றன. அதே புட்டியைக் கழுவிக் குடிநீர் எடுத்துச் செல்வதையும் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். தெளிப்பானை மருந்தடித்த இடத்திலேயே கழுவி, கழுவிய நீரையும் அங்கேயே அடித்துவிடுங்கள். காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பிறகு புட்டியின் அடியில் துளையிட்டுவிடுங்கள். துளையிட்ட புட்டியில் எவரும் தண்ணீர் பிடிக்க முடியாது.

ஊராட்சிகள் செய்யக்கூடியதும் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில், குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே ஓடையின் இரு கரையிலும் களைக்கொல்லி அடிப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஓடையிலிருந்து எத்தனை கஜம் என்பதை அந்தந்த ஊர்ச் சரிவைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் தூரத்தைக் கூட்டுங்கள். பள்ளி, அங்கன்வாடி, பூங்கா ஆகியவற்றின் தரையில் களையைக் கையால் எடுப்பதென்றும் எழுதிக்கொள்ளுங்கள். துளையிட்ட புட்டிகளைச் சேர்த்துவைக்க ஊருக்கு வெளியே பூட்டுடன் ஓர் இடம் ஒதுக்கி, அது நிரம்பும்போது எனக்குக் கடிதம் எழுதுங்கள். மண் மாதிரி எடுக்க விரும்பும் விவசாயிகள் உரம் இட்டு மூன்று மாதம் கழிந்த பிறகு, தூருக்கும் வரிசைக்கும் இடைப்பட்ட இடத்தில் சருகை நீக்கிவிட்டு, தோட்டத்தின் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து அரைக்கிலோ அளவு துணிப்பையில் கட்டி, பெயரும் சர்வே எண்ணும் எழுதி வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம். பழைய உரச்சாக்கில் கட்டி வர வேண்டாம். சாக்கில் ஒட்டியிருக்கும் உரமும் சேர்ந்து பரிசோதனை தவறாகப் போகும்.